லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடி: எட்ஃப்ரித் எழுதிய ஏட்டில் ஆல்ட்ரெட் கை வைத்தது சரியா?

சுவடிப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஒரே சுவடியின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு சின்னத் தீவு. அங்கிருந்த மடத்தில் 715–720 வாக்கில் எட்ஃப்ரித் என்ற துறவி எழுதிய நற்செய்திச் சுவடி இது. 698 முதல் 721 வரை அவர்தான் அந்த இடத்துக்கு ஆயர் (பிஷப்). மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நான்கும் லத்தீனில், 259 தோலேடுகளில். எழுத்தும் ஓவியமும் ஒருவரே செய்தது.

படத்தைப் பெரிதாக்கினால் உருண்டை உருண்டையாக, கொஞ்சமும் அவசரப்படாத எழுத்து. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 24 வரி. முதல் ஏட்டில் இருந்த நிதானம் கடைசி ஏட்டிலும் குறையவில்லை. ஒவ்வொரு நற்செய்திக்கும் முன்னால் முழுப் பக்கம் சிலுவைக்கோலம், சிக்கலும் பின்னலுமாகப் பறவைகள். கம்பளம் விரித்தது மாதிரி இருப்பதால் கம்பளப் பக்கம் என்றே சொல்கிறார்கள். நூலின் தொடக்கத்தில் உள்ள ஒன்றையும் சேர்த்து அப்படி மொத்தம் ஐந்து.

என் மனசு சங்கடப்பட்ட இடம் வேறு. அந்த அழகான வரிகளுக்கு நடுவில், எறும்பு ஊர்ந்தது போல, பொடிப்பொடியாக இன்னொரு கையெழுத்து. சுமார் 250 வருஷம் கழித்து ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் ஒவ்வொரு லத்தீன் சொல்லுக்கும் மேலே அன்றைய ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்திருக்கிறார். நூல் முழுக்க! ஒருவர் ஆயுளைக் கொட்டிச் செய்த வேலைமேல் இப்படி எழுத எப்படிக் கை வந்தது? எனக்கு இது நூலைக் கெடுத்த காரியமாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு எப்படிப் படுகிறது?

---

லத்தீன்மாணவி

அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் நான் உங்கள் கட்சியில் இல்லை.

நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மொழிபெயர்ப்பே அந்தப் பொடி எழுத்துதான். மொழிபெயர்ப்பு என்பதைவிடப் பதவுரை என்பது சரி. 'பாத்தெர் நோஸ்தெர்' என்று எட்ஃப்ரித் எழுதிய இடத்துக்கு மேல் ஆல்ட்ரெட் 'ஃபதெர் ஊரெர்' என்று வைக்கிறார். 'எங்கள் தந்தையே' என்பதை லத்தீன் வரிசையிலேயே சொல்லுக்குச் சொல். வாக்கியமாகப் படித்தால் ஓட்டம் இருக்காது. லத்தீன் தெரியாத ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க அதுதான் வசதி.

ஒரு சொல் போதாத இடத்தில் மனுஷர் இரண்டு மூன்று சொல்லை 'அல்லது' போட்டு அடுக்குகிறார். மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்று வரும் இடத்தில் அப்படித்தான் சொல்மேல் சொல்லாக வைத்துவிட்டு, அதுவும் போதாமல் ஓரத்தில் ஒரு விளக்கமும் எழுதுகிறார்: யோசேப்பிடம் அவளை ஒப்படைத்தது பாதுகாக்க, மனைவியாக வைத்துக்கொள்ள இல்லை என்று. படிக்கிறவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அந்த ஓரத்தில் தெரிகிறது. அசிரத்தையாகக் கிறுக்கியவர் இப்படிச் செய்ய மாட்டார்.

---

புத்தகக்கட்டு

நான் முப்பது வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவன். தோல் அட்டை போடுகிற கை என்பதால் இந்தச் சுவடி என்றதும் எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது தோல்தான்.

இதற்கு ஏறக்குறைய 150 கன்றுகளின் தோல் போயிருக்கிறது. கன்றுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைக்க வேண்டும். முடி கழன்று வந்ததும் வழித்து, மரச்சட்டத்தில் நாலா பக்கமும் இழுத்துக் கட்டி, ஈரம் காயக் காயப் பிறை வடிவக் கத்தியால் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு அழுத்தம் கூடினால் ஓட்டை. பதனிட்டுச் செருப்புக்கு எடுக்கும் தோல் மாதிரி இல்லை இது. இழுத்துக் காயவைத்தே தாள் போல விறைப்பாக்குவது. பிறகு வெட்டி, மடித்து, நாலு இரட்டை ஏட்டைச் சேர்த்து எட்டு ஏடுள்ள ஒரு கட்டாக்குவார்கள். ஓரத்தில் ஊசியால் குத்தி, மழுங்கிய கூரால் கோடு கீறின பிறகுதான் பேனாவைத் தொடுவது.

இந்தச் சுவடியில் இரட்டை ஏடுகளை வெட்டிய விதத்தைப் பாருங்கள். கன்றின் முதுகெலும்பு போன தடம் எல்லாவற்றிலும் குறுக்குவாட்டிலேயே வருகிறதாம். முதுகுப்பக்கம் தடிப்பு வேறு, வயிற்றுப்பக்கம் தடிப்பு வேறு. ஈரக்காற்றுக்கு அது இழுக்கும் விதமும் வேறு. எல்லாம் ஒரே திசையில் இருந்தால்தான் நூல் கோணாது. அப்படிப் பொறுக்கி எடுக்க எத்தனை தோலை ஒதுக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் தம்பி சுவடிப்பித்தன் பக்கம்தான் நான். இவ்வளவு பாடுபட்டு ஆக்கிய பக்கத்தில் வரி நடுவே இருந்த வெற்றிடம் காலி இடம் இல்லை. அதுவும் அவர் செய்ததுதான்.

---

குறுக்குக்கேள்வி

அடிப்படையான ஒன்று கேட்கிறேன். எட்ஃப்ரித் எழுதினார், எட்ஃப்ரித் எழுதினார் என்கிறீர்கள். அவர் எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? எப்படித் தெரியும்?

---

லத்தீன்மாணவி

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!

எட்ஃப்ரித் எங்கேயும் பெயர் போடவில்லை. ஒரு ஏட்டில்கூட இல்லை. அந்தப் பெயரை நமக்குச் சொன்னது ஆல்ட்ரெட். யோவான் முடிகிற இடத்தில் மிச்சமிருந்த இடத்தில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். இந்த நூலைக் கடவுளுக்கும், அந்த மடத்தில் முன்பு ஆயராக இருந்த புனித கத்பர்ட்டுக்குமாக எழுதியவர் லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் எட்ஃப்ரித். வெளிக்கட்டுப் போட்டவர் அடுத்து ஆயரான எத்தல்வால்ட். பொன், வெள்ளி, மணிக்கற்களால் அட்டைக்கு அணி செய்தவர் தனிக்குடிலில் வாழ்ந்த பில்ஃப்ரித். ஆங்கிலத்தில் பொருள் எழுதியவர், தகுதியற்ற எளிய பாதிரி ஆல்ட்ரெட். நாலு பேர்.

அதே குறிப்பின் ஓரத்தில் தன்னைப் பற்றியும் ஒரு வரி: ஆல்ஃபிரெட் பெற்ற பிள்ளை, ஒரு நல்ல பெண்ணின் மகன் என்று. அம்மாவை நினைத்துக்கொண்டு எழுதிய அந்த இடத்தை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மத்தேயுவுக்கு எழுதிய உரை கடவுளுக்கும் கத்பர்ட்டுக்கும், மாற்கு ஆயருக்கு, லூக்கா மடத்தாருக்கு, யோவான் தன் ஆத்மாவுக்கு என்றும் பிரித்துச் சொல்கிறார். லூக்காவோடு எட்டு ஓரா (அந்தக் காலத்து எடைக் கணக்கு) வெள்ளியும் சேர்த்துக் கொடுத்தாராம், தன்னை அந்தச் சமூகத்தில் சேர்த்துக்கொள்வதற்காக. அதாவது இந்த உரை அவர் மடத்துக்குள் வரக் கொண்டுவந்த காணிக்கை.

---

குறுக்குக்கேள்வி

சரி. ஆனால் 250 வருஷம் கழித்து எழுதின சாட்சியை எப்படி அப்படியே ஏற்பது? சுவிசேஷகர் நாலு பேர், நூலைச் செய்தவர்களும் நாலு பேர், நாலாவது ஆள் இவரே. கணக்கு ரொம்பப் பொருந்தி வருகிறது. ஒரு ஆயருக்கு மடத்து நிர்வாகத்துக்கு நடுவில் இவ்வளவு பெரிய வேலைக்கு நேரம் எங்கே?

---

சுவடிப்பித்தன்

நியாயமான சந்தேகம். ஆய்வாளர்களிடமும் இருக்கிற சந்தேகம்தான் இது. நாலுக்கு நாலு பொருத்தத்தை அவர்களும் கவனித்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது நூலுக்குள்ளேயே இருக்கும் சாட்சி. பெயரை ஒதுக்கிவிடுங்கள். எழுத்தும் ஓவியமும் ஒரே கை என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். பக்கத்துத் தலைப்புகளையும் சில திருத்தங்களையும் மட்டும் வேறொருவர் போட்டிருக்கிறார். பெரிய மடங்களில் பல பேர் பங்கு போட்டு எழுதுவது வழக்கம். இங்கே ஒருவரிடமே விட்டிருக்கிறார்கள் என்றால் அந்த ஒருவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது. அதோடு ஓவியத்தில் சில எழுத்துகளின் உள்ளே வண்ணம் நிரப்பாமலே நின்றுபோயிருக்கிறது. 721-ல் எட்ஃப்ரித் இறந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது.

நேரம் பற்றி: இரண்டு வருஷம் போதும் என்றவர்களும் உண்டு, பத்து வருஷம் ஆகியிருக்கும் என்றவர்களும் உண்டு. ஆயர் பணியும் சேர்ந்திருந்தால் பத்து என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இது அவருக்கு வேலை இல்லை, ஜெபம். தவக்காலத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பாரோ என்றுகூட யோசிப்பேன்.

---

சாயப்பட்டறை

இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் குடும்பம் அவுரிச் சாயம் போட்ட குடும்பம். வண்ணம் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வந்தேன்.

இதிலுள்ள நீலத்தை ரொம்ப நாள் ஆப்கானிஸ்தானத்துப் பதக்சானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் பொடி என்று நம்பினார்கள். அவ்வளவு தொலைவு கல் வந்தது என்று கதை கதையாக எழுதினார்கள். 2000-க்குப் பிறகு ஏட்டைத் தொடாமல் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்ததில் அது செடி நீலம் என்று தெரிந்தது. அவர்கள் ஊரில் வோட் என்ற செடி. அதில் இருக்கும் நீலமும் நம் அவுரியில் இருக்கும் நீலமும் வேதியலில் ஒரே பொருள்தான். செடிதான் வேறு. வோட் இலையை இடித்துப் புளிக்கவைத்தால் நாற்றம் தாங்காது என்பார்கள். எங்கள் தொட்டியும் அப்படித்தான். கையை விட்டு எடுத்தால் பச்சை மஞ்சளாக வரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அந்தத் துறவியும் அந்த மாற்றத்தைப் பார்த்திருப்பார் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மஞ்சள் தாளகம். அரிதாரம் என்பதும் அதுதான். நாடகத்தில் முகத்துக்குப் பூசுவதை நாம் அரிதாரம் என்பது அந்தக் கல்லின் பெயரால்தான். ஆர்சனிக் உள்ள விஷம், பார்த்துத்தான் அரைக்க வேண்டும். சிவப்பு ஈயச் செந்தூரம். பச்சைக்குத் தாமிரக் களிம்பும், நீலத்தையும் அரிதாரத்தையும் கலந்ததும். பொன் என்று பார்த்தால் நூல் முழுக்கச் சில பொட்டுகள் மட்டும். ஆக, கையில் கிடைத்த ஆறேழு பொருளை வைத்துக்கொண்டு, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, கலந்தும் மேலே மேலே பூசியும் அத்தனை நிறச்சாயலை எடுத்திருக்கிறார். கல்லை ஆயிரக்கணக்கான மைல் வரவழைத்ததைவிட இது எனக்குப் பெரிசு.

எழுத்து மை, ஓக் மரத்தில் பூச்சி துளைத்து வரும் காய்ப்பையும் இரும்பு உப்பையும் சேர்த்தது. நம்மூரில் கடுக்காயும் துருவும் சேர்த்துக் கறுப்பு எடுக்கிறோமே, அதே துவர்ப்பு, அதே வேலை.

---

புத்தகக்கட்டு

சாயப்பட்டறை ஐயா, அருமை. கூடவே அந்தச் செந்தூரப் புள்ளிகளைச் சொல்ல விட்டுவிட்டீர்கள். பெரிய எழுத்துகளைச் சுற்றிச் செந்தூரத்தில் வரிசையாகப் புள்ளி. லூக்கா தொடங்கும் பக்கத்தில் மட்டும் 10,600-க்கும் மேல் என்று எண்ணியிருக்கிறார்கள். நான் ஒரு அரைச் சாண் பகுதிக்கு வைத்துப் பார்த்தேன். புள்ளி ஒரே அளவில் விழ வேண்டும் என்றால் நாலு புள்ளிக்கு ஒருதரம் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அதே பக்கத்து வலது ஓரத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் ஒரு பூனைத்தலை. ஓரப்பட்டை முழுக்க அதன் உடம்பு. உள்ளே வரிசையாகப் பறவைகள்.

---

டைன்கரை

நான் நியூகாசிலில் இருக்கிறேன். 2022 செப்டம்பரில் சுவடி லண்டனிலிருந்து இங்கே லெய்ங் கலைக்கூடத்துக்கு வந்தது. டிசம்பர் வரை இருந்தது, நான் மூன்று தடவை போனேன். மங்கிய வெளிச்சம், கண்ணாடிப் பெட்டி, விரித்த இரண்டு பக்கம். படத்தில் பார்த்துவிட்டுப் போனால் முதலில் அளவு வித்தியாசமாக இருக்கும். ஏடு ஒன்றரை சாணுக்குச் சற்று மேல்தான் உயரம், சுமார் 36 செ.மீ. இத்தனையும் அதற்குள்ளா என்று இருந்தது.

தீவுக்கும் போயிருக்கிறேன். தினம் இரண்டு தடவை கடல் ஏறிச் சாலையை மூடிவிடும். வற்றுகிற நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். காற்று காதை அறுக்கும். மையும் விரலும் விறைக்கும் அந்தக் குளிரில் ஒருவர் 10,600 புள்ளி வைத்தார் என்பதை அங்கே நின்று யோசித்தால்தான் உறைக்கிறது.

ஆல்ட்ரெட் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றை யாரும் சொல்லவில்லை. அவர் உரை எழுதியது லிண்டிஸ்ஃபார்னில் இல்லை. 793-ல் வைக்கிங் கடற்கொள்ளையர்கள் தீவைச் சூறையாடினார்கள். 875-ல் துறவிகள் கத்பர்ட்டின் உடல் இருந்த பெட்டியையும் பொக்கிஷங்களையும் தூக்கிக்கொண்டு தீவை விட்டே போனார்கள். பல வருஷம் ஊர் ஊராக அலைந்து 883-ல் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கினார்கள். அங்கேதான் ஆல்ட்ரெட் வருகிறார். மடமும் ஊரும் போய், லத்தீன் படிப்பும் தேய்ந்துபோன காலம். கையில் மிஞ்சியது ஒரு புனிதரின் உடலும் இந்த நூலும். அந்த நூலையும் வாசிக்கத் தெரியாமல் கும்பிட்டு மட்டும் வைத்துக்கொள்வதா? அவர் பேனாவை எடுத்ததை என்னால் தப்பென்று சொல்ல முடியாது. நானும் ஊரை விட்டு வந்தவள். என் பிள்ளைகளுக்குத் தேவாரப் புத்தகத்தில் வரிக்கு மேலே பென்சிலால் அர்த்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

---

குறுக்குக்கேள்வி

அக்கா சொன்ன பிறகு என் வாதம் பலவீனமாகத் தெரிகிறது, ஆனாலும் இன்னொன்று. அந்த அலைச்சலில் நூல் கடலில் விழுந்து, வற்றிய பிறகு கரையில் ஒரு சேதமும் இல்லாமல் கிடைத்தது என்கிறார்களே?

---

புத்தகக்கட்டு

டர்ஹாம் சிமியோன் என்பவர் 1100-களின் தொடக்கத்தில் எழுதி வைத்த கதை. பக்தியோடு சொன்ன கதையை நான் குறை சொல்ல மாட்டேன். தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன்: தோலேடு முழுக்க நனைந்து காய்ந்தால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், வண்ணமும் நிற்காது. இந்த ஏடுகள் அப்படி இல்லை. பெட்டிக்குள் நன்றாகப் பொதிந்திருந்தால் தப்பியிருக்கலாம்.

போனது பில்ஃப்ரித்தின் அட்டைதான். பொன்னும் கல்லும் இருந்தால் எவனாவது பிய்த்துக்கொண்டு போவான். இப்போதிருக்கும் அட்டை 1853-ல் டர்ஹாம் ஆயர் எட்வர்ட் மால்ட்பி செலவில் போட்டது. அவர் அதைச் செய்தது நன்று, ஆனால் பில்ஃப்ரித்தின் கைவேலையை ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்குப் போகாது.

---

சாயப்பட்டறை

ஒரு சந்தேகம். கம்பளப் பக்கம் ஒன்றில் எல்லாப் பறவைக்கும் ஒரு நிறம், ஒன்றுக்கு மட்டும் வேறு நிறம் என்று படித்தேன். முழுமை கடவுளுக்கு மட்டுமே என்று அவர் வேண்டுமென்றே விட்ட குறை என்கிறார்கள். உண்மையா?

---

சுவடிப்பித்தன்

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கோலத்துக்கு அவர் எடுத்த சிரமத்தைப் பாருங்கள். ஏட்டின் பின்பக்கத்தில் கவராயக் குத்துகளும் கட்டக் கோடுகளும் இன்றைக்கும் தெரிகின்றன. ஈயக் கூரால் வரைந்திருக்கிறார், பென்சிலுக்கு முன்னோடி மாதிரி. பின்பக்கம் வரைந்து, கீழிருந்து வெளிச்சம் வர வைத்து, முன்பக்கம் தீட்டியிருப்பார் என்று மிஷெல் பிரவுன் என்ற ஆய்வாளர் கருதுகிறார். அவ்வளவு கணக்காக வேலை செய்தவர் தெரிந்தே ஒரு பறவையை மாற்றினார் என்றும் சொல்லலாம், மாலை வெளிச்சத்தில் தூரிகையைத் தப்பான கிண்ணத்தில் தொட்டுவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் என்றால் அவர்மேல் எனக்கு இன்னும் பாசம் கூடுகிறது.

---

லத்தீன்மாணவி

எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்லாமல் போக மனசில்லை. அவர் பார்த்து எழுதிய மூலப்படி இத்தாலியிலிருந்து வந்தது. எப்படித் தெரியும் என்றால், நற்செய்திகளோடு சேர்ந்த விழா நாள் பட்டியலில் நேப்பிள்ஸ் ஊருக்கே உரிய திருநாள்கள் இருக்கின்றன. அங்கத்துப் புனிதர் ஜனுவாரியுஸின் நாள் உட்பட. லிண்டிஸ்ஃபார்னில் யாரும் கொண்டாடாத திருநாள்கள். எட்ஃப்ரித் ஒன்றையும் விடவில்லை. தனக்கு முன்னால் இருந்த ஏட்டுக்கு அவ்வளவு உண்மையாக இருந்திருக்கிறார்.

---

சுவடிப்பித்தன்

நேற்று ராத்திரி யோவான் பகுதியை மறுபடி பார்த்தேன். அங்கே ஆல்ட்ரெட் சிவப்பு மைக்கு மாறுகிறார். இதுதான் தன் ஆத்மாவுக்கு என்று அவர் சொன்ன பகுதி என்பது லத்தீன்மாணவி எழுதியதால்தான் தெரிந்தது. முன்பு எரிச்சலாகத் தெரிந்த அதே எழுத்தை நேற்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரிய எழுத்தின் மேல் ஏறாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது. கெடுத்தார் என்று முதல் பதிவில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பதிவை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

புத்தகக்கட்டு ஐயா சொன்ன வெற்றிடம் பற்றிய வார்த்தை மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

புத்தகக்கட்டு

எனக்கும் பாதி கரைந்துவிட்டது தம்பி. அம்மாவை நினைத்து எழுதின மனுஷன்மேல் எவ்வளவு நேரம் கோபப்படுவது? ஆனால் என் பட்டறைக்கு யாராவது இப்படி ஒரு நூலில் எழுதலாமா என்று கேட்டு வந்தால், வேண்டாம், தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

---

வழிப்போக்கன்77

இழையை ஒரே மூச்சில் படித்தேன். ஜனவரியில் லண்டன் போகிறேன். பார்க்க முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

---

டைன்கரை

பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ராபர்ட் காட்டன் என்பவர் சேர்த்த நூல்களோடு 1702-ல் நாட்டுக்கு வந்தது. 1731-ல் அந்தத் தொகுப்பில் தீப்பிடித்தபோதும் இதற்கு ஒன்றும் ஆகவில்லை. காட்டன் தன் அலமாரிகளின்மேல் ரோமப் பேரரசர்களின் தலைச்சிலைகளை வைத்திருந்தார். அதனால் இதன் அடையாள எண் இன்றும் நீரோ அலமாரி, டி தட்டு, நான்காவது நூல்.

வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளுக்கும் என்பதால் எப்போதும் காட்சியில் இருக்காது. போகும் முன் நூலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் அவர்கள் கணினிகள் தாக்கப்பட்டதில் சுவடிப் படங்களும் இணையத்தில் ரொம்ப நாள் கிடைக்காமல் இருந்தன, அதனால் நேரில் கிடைத்தால் விடாதீர்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாமல் ஓரமாக நின்று குனிந்து பாருங்கள். முதலில் புள்ளிகள், அப்புறம் வரி நடுவே பொடி எழுத்து. அவசரப்படாமல் ஒரு கால் மணி நேரம்.

---

சுவடிப்பித்தன்

போய்வந்ததும் எந்தப் பக்கம் விரித்திருந்தது என்று இங்கே எழுதுங்கள். லூக்கா முதல் பக்கமாக இருந்தால் பூனையைத் தேடிப் பிடித்துவிட்டு, அதன் உள்ளே எத்தனை பறவை என்று எண்ணிச் சொல்லுங்கள். படத்தில் எண்ண எண்ண எனக்குக் கணக்குத் தவறிக்கொண்டே இருக்கிறது.